கேன்சர் கிளைம் ரிஜெக்ட் ஆனால் என்ன செய்வது? ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று பல பக்கமிருந்தும் ஆதார் நகல் எடுக்க வருவார்கள். மஞ்சப்பையைத் திறந்தால் ஆதாரோடு சேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதமும் வெளியே வரும். "அக்கா, இதுல இன்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது இதே மாதிரி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இரண்டு நாள் அழுதிருக்கிறேன். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தேன். ஏழு மாதம் ஆனது, பணம் வந்தது. அதிலிருந்து கடைக்கு வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் பழகிவிட்டது. நான் வக்கீல் இல்லை, ஏஜென்டும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேஷ்லெஸ் கிடையாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அவ்ளோதானா?

இல்லை. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மனசு விட்டுவிடுகிறார்கள். கேஷ்லெஸ் மறுப்பு வேறு, கிளைம் மறுப்பு வேறு. முதலாவது, "இப்போதைக்கு நாங்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டமாட்டோம்" என்பது மட்டும்தான். நீங்கள் கட்டிவிட்டு, பில், ரிப்போர்ட் எல்லாம் வைத்து ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். டிஸ்சார்ஜ் ஆகி எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது பாலிசிப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி கேஷ்லெஸ் கோரிக்கை வந்த 1 மணி நேரத்தில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்து ஒப்புதலுக்கு 3 மணி நேரம். அதற்கு மேல் இழுத்து, அதனால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அந்தக் கூடுதலைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். காலையில் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டு ராத்திரி வரை பில் கவுண்டரில் உட்கார வைத்தால், இந்த விதியை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

போன்லதான் 'இல்லை'ன்னாங்க, லெட்டர் எதுவும் தரல.

லெட்டர் இல்லாமல் அப்பீல் இல்லை. மெயில் போட்டு எழுத்தில் கேளுங்கள். கிளைம் மறுப்பைக் கம்பெனியின் கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்பதும், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பதும் அதே 2024 சுற்றறிக்கையில் இருக்கிறது.

லெட்டர் வந்துடுச்சு. இங்கிலீஷ்ல நாலு பக்கம். எதைப் பாக்கறது?

நாலு பக்கத்தில் உயிர் ஒரு வரியில்தான் இருக்கும். எந்த விலக்கின்படி, அதாவது 'இதற்குப் பணம் கிடையாது' என்று பாலிசி ஒதுக்கிய எந்தக் காரணத்தின்படி, மறுக்கிறார்கள் என்கிற வரி. பெரும்பாலும் ஒரு எண்ணோடு வரும். 2019 முதல் இந்த எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். கேன்சர் கடிதங்களில் நான் அதிகம் பார்ப்பவை இவை: விலக்கு 01 என்றால் பாலிசிக்கு முன்பே இருந்த நோய், 03 என்றால் முதல் 30 நாள் காத்திருப்பு, 04 என்றால் வெறும் பரிசோதனைக்காகச் சேர்த்தது, 12 என்றால் போதைப் பழக்கத்தின் விளைவு, 16 என்றால் நிரூபிக்கப்படாத சிகிச்சை. இதில் எதிலும் சேராமல், பாலிசி எடுக்கும்போது உண்மையை மறைத்தீர்கள் என்றும் வரும்.

அந்த ஒரு வரியைப் பென்சிலில் அடிக்கோடு போடுங்கள். இனி நீங்கள் எழுதப்போவது எல்லாம் அந்த வரிக்கு மட்டும் பதில். அப்பா எத்தனை வருஷம் பிரீமியம் கட்டினார், ஏஜென்ட் எப்படி இனிக்க இனிக்கப் பேசினார், குடும்பம் எப்படிக் கடனில் நிற்கிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை எதுவும் தேவையில்லை. என் முதல் அப்பீல் மூன்று பக்க ஒப்பாரி. பழைய கடிதத்தையே தேதி மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை முக்கால் பக்கம்தான் எழுதினேன்.

சுகர், பிரஷர் இருந்ததை மறைச்சுட்டீங்கன்னு சொல்றாங்க. கேன்சருக்கும் சுகருக்கும் என்னக்கா சம்பந்தம்?

அம்மாவுக்கு வந்ததும் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அம்மாவின் பாலிசிக்கு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபரேஷன் முடிந்து கிளைம் போட்டால், "பத்து வருடமாகச் சர்க்கரை நோய், பாலிசி எடுக்கும்போது சொல்லவில்லை" என்று மறுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தே பத்து மாதம்தான். எங்கிருந்து வந்தது பத்து வருஷம்? ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கிப் பார்த்தேன். சேர்த்த அன்று ராத்திரி டூட்டி டாக்டர் எழுதிய வரியில் சர்க்கரை என்பதற்குப் பக்கத்தில் '10/12' என்று இருந்தது. டாக்டர்கள் காலத்தை இப்படித்தான் சுருக்கி எழுதுவார்கள். கீழே 12 போட்டால் மாதம், 52 போட்டால் வாரம், 7 போட்டால் நாள். 10/12 என்றால் பத்து மாதம். கம்பெனிக்காகக் கேஸ் ஷீட்டைப் படித்தவர் பத்து வருஷம் என்று குறித்துக்கொண்டுவிட்டார். அந்த ஒரு கோட்டில்தான் மூன்று லட்சத்துச் சொச்சம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே முதல் வேலை, கேஸ் ஷீட்டின் முழு நகல். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மருத்துவப் பதிவேடு கேட்டு விண்ணப்பித்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை சொல்கிறது. எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். முதல் இரண்டு பக்கத்தில் நோயாளியின் பழைய வரலாறு இருக்கும். நடு ராத்திரியில் பதற்றத்தோடு நிற்கும் மகனோ மருமகளோ "அது இருக்கும் ரொம்ப வருஷமா" என்று சொன்னதெல்லாம் அங்கே மையில் ஏறியிருக்கும். அது தவறு என்றால், சிகிச்சை அளித்த டாக்டரிடம் திருத்தச் சான்று வாங்க வேண்டும். முதன்முதலாகச் சர்க்கரை தெரிந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேதியோடு இணைக்க வேண்டும். நான் செய்தது இவ்வளவுதான்.

நிஜமாகவே பாலிசிக்கு முன்பே சுகர் இருந்து, படிவத்தில் சொல்லாமல் விட்டிருந்தால்? பூசி மெழுக மாட்டேன், அது கஷ்டமான வழக்கு. நாள்பட்ட சர்க்கரையையும் சிறுநீரகச் செயலிழப்பையும் சொல்லாமல் விட்டவரின் குடும்பத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று 2009ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2015ல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில், முதுகெலும்புக் கோளாறைச் சொல்லாததற்கும் மாரடைப்பில் இறந்ததற்கும் தொடர்பில்லை என்று குடும்பத்தின் பக்கம் நின்றது. ஆகவே, "இந்தப் புற்றுநோய்க்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை" என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வாதத்துக்கு ஒரு பிடி கிடைக்கும். கட்டாயம் ஜெயிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, பாலிசி இடைவெளி விடாமல் 60 மாதம் ஓடியிருந்தால், மறைத்தார் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் உண்டு. முன்பு இது எட்டு வருஷமாக இருந்தது, 2024 ஏப்ரலில் ஐந்தாகக் குறைத்தார்கள். கம்பெனி மாற்றிப் போர்ட் செய்திருந்தால் பழைய கம்பெனியின் வருஷங்களும் கணக்கில் சேரும். பழைய பாலிசிப் பேப்பரைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள். மற்றது, பாலிசி எடுக்கும்போது நிரப்பிய விண்ணப்பமான ப்ரொபோசல் ஃபார்ம் நகலைக் கேட்டு வாங்குங்கள். பல வீடுகளில் அதை ஏஜென்ட்தான் நிரப்பியிருப்பார், நாம் கையெழுத்து மட்டும் போட்டிருப்போம். சில சமயம் அதில் சுகர் என்று ஒழுங்காகவே டிக் அடித்திருக்கும், கம்பெனிதான் பார்க்காமல் விட்டிருக்கும். சொன்ன நோயைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதே நோயைக் காட்டி மறுக்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பாலிசி எடுத்து மூணு மாசத்துல கட்டின்னு தெரிஞ்சுது. முன்னாடியே இருந்திருக்கும்னு சொல்றாங்க.

இருந்திருக்கலாம். ஆனால் விதி கேட்பது அது இல்லை. பாலிசி தொடங்கியதற்கு முந்தைய 36 மாதத்தில் ஒரு டாக்டர் அந்த நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ நடந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் 'முன்பே இருந்த நோய்'. உடம்புக்குள் யாருக்கும் தெரியாமல் வளர்ந்த கட்டி இதில் வராது. முதல் 30 நாளைத் தாண்டி, பயாப்சி ரிப்போர்ட்டில்தான் முதல்முறையாகத் தெரிந்தது என்றால் அந்தத் தேதிதான் உங்கள் ஆயுதம். "நான்கு மாதமாகக் கட்டி" என்று ஓ.பி. சீட்டில் எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். ப்ரொபோசல் ஃபார்மில் அறிகுறி பற்றிக் கேள்வி இருந்ததா என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அப்பாவுக்கு வாய்ல கேன்சர். மாவா போடுவாரு. அதனால கிடையாதுன்ட்டாங்க.

நம்ம ஏரியாவில் ரொம்ப வரும் கேள்வி. குட்கா, பான் மசாலாவைத் தமிழ்நாடு 2013லேயே தடை செய்துவிட்டது. புகையிலை கலந்த மாவா கிடைக்காத தெரு எது என்று எனக்குத் தெரியவில்லை.

விலக்கு 12 மது, போதைப்பொருள், அடிமைப் பழக்கம், அவற்றின் விளைவுகள் பற்றிப் பேசுகிறது. இதை வைத்து மறுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பாலிசியில் புகையிலை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா? இவருக்கு வந்த புற்றுநோய் புகையிலையால்தான் வந்தது என்று எந்த டாக்டர் சான்று கொடுத்தார்? புகையிலை தொடாதவர்களுக்கும் வாய்ப் புற்றுநோய் வருகிறது. பழக்கம் உண்டு என்று கேஸ் ஷீட்டில் இருப்பது வேறு, அதுவே காரணம் என்பது வேறு. சிகிச்சை அளித்தவரிடம் இந்த வித்தியாசத்தை எழுதி வாங்க முடிந்தால் நல்லது.

ஆனால் ப்ரொபோசல் ஃபார்மில் "புகையிலைப் பழக்கம் உண்டா" என்று கேட்டு, "இல்லை" என்று டிக் அடித்திருந்தால் அது மறைத்த வழக்காக மாறிவிடும். மேலே சொன்ன 60 மாதக் கணக்கைப் பாருங்கள்.

மாத்திரைதான் குடுக்கறாங்க, ஊசி போட்டு அன்னிக்கே அனுப்பிடறாங்க. 24 மணி நேரம் அட்மிஷன் இல்லன்னு மறுத்துட்டாங்க.

கீமோவும், நாம் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிரியக்கமும் டே கேர் சிகிச்சைகள். 24 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டியதில்லை. அதற்கு மேல், நவீன சிகிச்சை என்று சொல்லி ஒதுக்கிவிடக்கூடாத 12 சிகிச்சைகளை 2019 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பட்டியல் போட்டது. வாய்வழி கீமோ, ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி இம்யூனோதெரபி, ரோபாட்டிக் அறுவைச் சிகிச்சை, ஸ்டீரியோடாக்டிக் கதிரியக்கம், ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று எல்லாம் அதில் உண்டு.

ஒரு கொக்கி இருக்கிறது. இவற்றுக்கு உச்சவரம்பு வைக்கக் கம்பெனிக்கு அனுமதி உண்டு. ஐந்து லட்சம் பாலிசியில் வாய்வழி கீமோவுக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை என்று எழுதியிருக்கலாம். அந்த அட்டவணையை முதலில் படியுங்கள். அதற்குள் இருக்கும் தொகையையாவது மறுக்க முடியாது.

இது இன்னும் நிரூபிக்கப்படாத சிகிச்சைன்னு எழுதியிருக்காங்களே?

இதற்கு நீங்களோ நானோ பதில் எழுத முடியாது, டாக்டர்தான் எழுத வேண்டும். அந்த மருந்துக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் இந்த நோய்க்கே உண்டா, எந்தச் சிகிச்சை நெறிமுறையில் இது இருக்கிறது, முன்பு கொடுத்த மருந்துகள் ஏன் பலிக்கவில்லை, இதைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். டாட்டா மெமோரியல் சார்ந்த நேஷனல் கேன்சர் கிரிட் வெளியிடும் நெறிமுறைகள் இந்தியாவுக்கென்றே எழுதப்பட்டவை, அதில் இருந்தால் கம்பெனியின் டாக்டரால் எளிதில் தள்ள முடியாது. பல டாக்டர்கள் கூடி முடிவெடுத்த ட்யூமர் போர்டு குறிப்பு இருந்தால் அதன் நகலும் வையுங்கள்.

டாக்டர்கிட்ட லெட்டர் கேட்டா கோச்சுக்கறாரு.

ஓ.பி.யில் அறுபது பேர் நிற்கும்போது போய்க் கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். மறுப்புக் கடிதத்தின் நகலில் அந்த வரியை மார்க் செய்து, "இதற்கு மட்டும் ஒரு விளக்கம் வேண்டும்" என்று ஒரு துண்டுச் சீட்டோடு அவருடைய உதவியாளரிடம் கொடுங்கள். ஓ.பி. முடிந்த பிறகு போய் நில்லுங்கள். வேண்டிய விவரங்களை டைப் செய்தே கொண்டுபோனால் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அம்மாவின் டாக்டர் மூன்று வரி எழுதிக் கொடுத்தார், அதுவே போதுமாக இருந்தது.

ரிஜெக்ட் இல்ல, ஆனா பாதியை வெட்டிட்டாங்க.

வெட்டியதற்கும் இதே வழியில் அப்பீல் உண்டு. அறை வாடகை வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று மொத்த பில்லையும் அதே விகிதத்தில் குறைத்திருந்தால், வரி வரியாகப் பாருங்கள். அந்த விகிதக் குறைப்பு மருந்துக்கும், பரிசோதனைக்கும், உடம்பில் பொருத்தும் கருவிகளுக்கும் பொருந்தாது. இது 2020லேயே வந்த விதி. கேன்சர் பில்லில் பெரும் பகுதி மருந்துதான் என்பதால், இந்த ஒரு திருத்தத்திலேயே நல்ல தொகை திரும்பி வரும். பலர் கிடைத்தது போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சரி, அப்பீல் எப்படி எழுதறது? ஒரு மாதிரி காட்டுங்க.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். முகவரி பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். நான் டைப் அடித்துக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பாலிசி எண் இது, கிளைம் எண் இது. இந்தத் தேதியிட்ட உங்கள் கடிதத்தில், பத்து வருடச் சர்க்கரை நோயைப் பாலிசி எடுக்கும்போது சொல்லவில்லை என்று காட்டி என் தாயாரின் கிளைமை மறுத்துள்ளீர்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது பாலிசி தொடங்கிப் பதினான்கு மாதங்களுக்குப் பிறகே கண்டறியப்பட்டது. அன்றைய ரத்தப் பரிசோதனை அறிக்கை இணைப்பு 1. கேஸ் ஷீட்டில் உள்ள 10/12 என்பது பத்து மாதங்களைக் குறிக்கும் என்று சிகிச்சை அளித்த மருத்துவர் தந்த சான்று இணைப்பு 2. ஆகவே இது முன்பே இருந்த நோய் அல்ல. மறுப்பை ரத்து செய்து, தாமதத்துக்கான வட்டியோடு தொகையை வழங்கக் கோருகிறேன். மீண்டும் மறுப்பதானால் கிளைம் மறுஆய்வுக் குழுவின் முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தரவும்."

அவ்வளவுதான். தமிழில் எழுதுவதில் தப்பில்லை. ஆனால் படிக்கப்போகிறவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ, அதனால் ஆங்கிலத்திலும் ஒன்று வைக்கச் சொல்வேன். மெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வட்டியை மறக்காமல் கேளுங்கள். தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும்.

அதுக்கும் பதில் இல்ல. இல்லன்னா, அதே பதில்தான் வந்துச்சு.

கம்பெனி 14 நாளில் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். ஒரு எண் கொடுப்பார்கள். அங்கே தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார்கள், கம்பெனியை மறுபடி பார்க்க வைப்பார்கள். சில கிளைம் அதிலேயே அசைந்துவிடும்.

அசையவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று தமிழில் சொல்கிறார்கள். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ போகலாம். கம்பெனி கடைசியாக மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம், 2023 வரை இது 30 லட்சமாக இருந்தது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலை 453ஆம் எண், பாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறது. திருவொற்றியூரிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் நீல வழித்தடத்தில் மாறாமல் தேனாம்பேட்டையில் இறங்கலாம். அலைய முடியாதவர்கள் ஆன்லைனிலும் போடலாம்.

எங்கள் விசாரணை வீடியோவில்தான் நடந்தது, கடையில் இருக்கும் இதே கம்ப்யூட்டரில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோர்ட்டு என்று நினைத்துவிட்டார். கம்பெனித் தரப்பில் ஒருவர் பழைய கடிதத்தையே படித்தார். நான் 10/12ஐக் காட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

எல்லாக் காகிதமும் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

வக்கீல் வைக்கணுமா? ஒருத்தர் 'முடிச்சுத் தரேன், இருபது பர்சென்ட்'ங்கறாரு.

ஆம்புட்ஸ்மேனிடம் வக்கீலுக்கு இடமில்லை. பாலிசிதாரரோ, வாரிசோ, நாமினியோதான் பேச வேண்டும். பர்சென்ட் கேட்பவர் எழுதப்போவதும் மேலே இருக்கிற முக்கால் பக்கம்தான். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அறுபதாயிரத்தை இப்படிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். அவர் அனுப்பியதாகச் சொன்ன அப்பீல் போகவே இல்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்கு நேரா போயிடலாமா?

போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நமக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். மறுப்பு வந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதைக் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம் என்பது இதன் பலம். வாய்தா இதன் பலவீனம். அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். அதனால் முதலில் தேனாம்பேட்டை, பிறகு ஆணையம் என்றுதான் நான் சொல்வேன்.

என்கிட்ட இருக்கறது வேலை செய்யற கம்பெனி போட்ட பாலிசி.

குரூப் பாலிசிக்கும் ஆம்புட்ஸ்மேன் உண்டு. அதற்கு முன் எச்.ஆர்.ஐப் பிடியுங்கள். நூறு பேருக்குப் பிரீமியம் கட்டுகிற முதலாளி ஒரு போன் போட்டால் சில விஷயம் நகரும். மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் உங்களுக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வழி தனியாக இருக்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டுல ஆகாதுன்னு சொன்னா?

அது வேறு பாதை. ஆம்புட்ஸ்மேனை விட்டுவிட்டு 1800 425 3993க்குப் போன் செய்யுங்கள், அல்லது ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் காரணம் கேளுங்கள். பல சமயம் அந்தச் சிகிச்சை பட்டியலில் வேறு பெயரில் இருக்கும், அல்லது அந்த ஆஸ்பத்திரிக்கு அந்தச் சிகிச்சைக்கு அனுமதி இருக்காது, வேறு இடத்தில் நடக்கும். கார்டே இல்லாதவர்கள்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள்.

பணம் வர்ற வரைக்கும் கீமோவை நிறுத்தி வெச்சுக்கலாமா?

வேண்டாம். கிளைம் காத்திருக்கும், கட்டி காத்திருக்காது. தனியார் ஆஸ்பத்திரியில் கட்ட முடியவில்லை என்றால், இதுவரையிலான ரிப்போர்ட், பயாப்சி ஸ்லைடு, பிளாக் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரில் இருக்கும் ஜி.எச்.சுக்கோ, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ போங்கள். 1954ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கிறது. இடம் மாறியதால் பழைய பில்லின் கிளைம் செத்துவிடாது. அங்கே செலவழித்தது அங்கே, அப்பீல் தன் பாட்டுக்கு நடக்கும்.

அவரு போயிட்டாரு அக்கா. இனிமே கேக்க முடியுமா?

முடியும். நாமினியோ வாரிசோ தொடரலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர வேண்டும். அந்த ஒரு வருஷக் கெடு மட்டும் யாருக்காகவும் நிற்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பையைத் திறந்து தேதியைப் பாருங்கள்.

எத்தனை செட் ஜெராக்ஸ் எடுக்கணும்?

மூன்று. கம்பெனிக்கு ஒன்று, ஆம்புட்ஸ்மேனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ரீஇம்பர்ஸ்மென்டுக்கு ஒரிஜினல் கேட்பார்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் நகல் எடுத்து, என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மருந்துக் கடையில் வழவழப்பான தாளில் தரும் பில் நாலைந்து மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும், அதை வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.